சிற்றுண்டி என்று எழுதியவள் நான்தான்

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக உன் டிபன் பாக்ஸைக் கழுவினேன்.

இத்தனை மாதமாக அது கம்பெனியின் தகரக் கொட்டகையில் ஒரு லாக்கருக்குள் கிடந்திருக்கிறது. புதன்கிழமை ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று கொட்டகையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். சாவி கிடைக்காத லாக்கர் ஒன்றை நேற்று மெக்கானிக் அண்ணன் அறுத்துத் திறந்தார். உள்ளே உன் பாக்ஸ். மூடியில் உன் பெயரின் முதல் எழுத்து. கல்யாணச் சீருக்கு வாங்கியபோது பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுத்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உள்ளே சோறு இருந்தால் அது என்ன கதியில் இருக்குமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறந்தேன்.

சோறு இல்லை. மாத்திரை அட்டைகள் இருந்தன. சப்பித் தின்கிற ரோஸ் நிற மாத்திரை, தலைவலி மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற பொடி, குட்டிப் பாட்டிலில் பாதி ஓமத் தண்ணீர். அடியில் ஆரஞ்சு நிறத்தில் மசாலாத் தூள் அப்பிக் கிடந்தது.

புளி போட்டுத் தேய்த்தேன். பிறகு சோப்பு. எவர்சில்வர் பளிச்சென்று ஆகிவிட்டது. மூடியில் இருக்கிற ரப்பர் வளையம் மட்டும் விடவில்லை. கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தும் முகர்ந்தால் அதே தக்காளி மசாலா. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உனக்கு இதை எழுதிவிட வேண்டும்.

நீ இதைப் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நான் எழுதியதை நீ படித்ததில்லை. "நீ எழுது, நான் கையெழுத்துப் போடுறேன். அதான நம்ம பொழப்பு" என்பாய்.

ஆறு வருடம் அவனியாபுரம் நிறுத்தத்தில் ஒரே வேனில் ஏறினோம். ரிங் ரோடு வழியாகக் கப்பலூர் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போவோம். உள்ளே நுழைந்ததும் நீ பேக்கிங் பெல்ட்டுக்கு, நான் தர சோதனை அறைக்கு. மக்காச்சோள மாவைக் குழல் குழலாகப் பொரித்து, மசாலா தூவி, காற்றடைத்துப் பாக்கெட் போடுகிற கம்பெனி. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் தலைக்குமேல் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கிறார்களே, அதில் பாதி உன் கை பட்டது. அது உப்பா, புளிப்பா, கடித்தால் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. முதல் நாள் வேனில் நீ கேட்டது நினைவிருக்கிறது.

"ஏ, நீ என்ன படிச்ச?"

"கெமிஸ்ட்ரி."

"அப்ப அந்த ஆரஞ்சுப் பொடில என்னென்ன கெடக்குன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சொல்லிறாத. அப்புறம் எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காது."

அன்றிலிருந்து நான் உனக்குக் 'காலேஜு'. என் பெயரை நீ ஒருமுறைகூடச் சொன்னதாக நினைவில்லை.

வந்த புதிதில் நீ சோறு கொண்டுவந்தாய். இதே பாக்ஸில். விடியுமுன் எழுந்து வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் ஆக்கி வைத்துவிட்டு உனக்கும் அள்ளிக்கொண்டு வருவாய். பேக்கிங் ஹாலுக்குள் வெளிச் சாப்பாடு வரக் கூடாது என்று விதி. சுத்தத்துக்காக. அந்த விதியைப் பெரிய எழுத்தில் அடித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியது நான். அதனால் உங்கள் பாக்ஸ் எல்லாம் தகரக் கொட்டகைக்குப் போனது. சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது; நான் ஏசி அறையில் சாப்பிட்டேன். மத்தியானம் நீ மூடியைத் திறந்தால் சோறு ஊசிப் போயிருக்கும், குழம்பு நுரைத்திருக்கும். நாலைந்து தடவை ஆனதும் நீ சொன்னாய்: "நாய்க்குக் கொட்டுறதுக்காகவா நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்?"

ஊசாத சோறாகவே இருந்தாலும் அதைத் தின்ன நேரம் எங்கே இருந்தது? சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் என்று நோட்டீஸ் போர்டில் இருந்தது. தொப்பியைக் கழற்றி, கோட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, செருப்பை மாற்றி, கொட்டகைக்கு நடந்து, ஒரே குழாயில் வரிசையில் நின்று கை கழுவி உட்கார வேண்டும். திரும்பி வந்து அத்தனையையும் மறுபடி மாட்டிக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் கை முக்கி, பெல்ட்டில் நிற்க வேண்டும். நடுவில் சோறு பிசைய மிஞ்சுவது பத்து நிமிடம் இருந்தால் அதிகம்.

பாத்ரூம் கதை இதைவிட மோசம். அதன் சாவி சூப்பர்வைசரின் மேசையில். சாவி வாங்கப் போகிறவளை ஹால் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அதனால் நீங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டீர்கள். காலையில் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் வீட்டிலும் உட்கார முடியாது. மூன்று நாள், நான்கு நாள் வயிறு போகாமல் நின்று வேலை பார்த்தாய். "வயிறா இது? மூட்டை கட்டி வெச்ச குடோனு" என்று தட்டிக் காட்டுவாய். சிரிப்போம். எனக்குத் தனி பாத்ரூம் இருந்தது. சாவி என் பையில் இருந்தது. உனக்குக் கொடுக்கலாம் என்று ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது டேமேஜ் கதைக்கு வருகிறேன். அதை நீ சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்று இறங்கிப்போன பாக்கெட், ஓரம் சரியாக ஒட்டாதது, மசாலா கூடிப்போனது, அடி கருகியது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நம் பேச்சில் ஒரே பெயர், டேமேஜ். முதலில் அதைக் குழியில் கொட்டினார்கள். பிறகு நம் தெரு மாட்டுக்கார அண்ணன், பொங்கலுக்கு வாடிவாசலில் காளை அவிழ்ப்பாரே அவர், தன்னுடைய இரண்டு கறவை மாட்டுக்கு வேண்டும் என்று கேட்டார். நான்தான் மேனேஜரிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். மூட்டை மூட்டையாக ஏற்றிப் போனார்.

"காளைக்கும் போடுவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"என்னத்தா கேக்குற நீயி? காளைக்கா? அது வாடிவாசல்ல வந்து நிக்கணும்த்தா. இத திண்டுட்டு எங்கிட்டு நிக்கும், படுத்துல்ல கெடக்கும்" என்றார்.

ஒரு மாதம் இருக்கும். வெறும் கையோடு வந்து நின்றார். "வேணாந்த்தா, நிறுத்திக்கிருவோம். செவலைக்கு வயிறு ஊதிக் கல்லு மாதிரி ஆயிருச்சு. அசை போட மாட்டேங்குது. டாக்டரு கொழாய விட்டுக் காத்த எடுத்தப்பெறகுதான் எந்திரிச்சுச்சு. மாடு திங்கிற வஸ்தாத்தா இது?"

அவர் போன பிறகு மூட்டைகள் மறுபடி குவிந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. தின்கிற பொருளைக் குழியில் கொட்டுவதா என்று வளர்ந்தவள் நான். மேனேஜர் அறைக்குப் போய், "சார், இதை நம்ம பெண்களுக்கே கொடுத்துரலாமே. பாவம், சோறு கொண்டுவந்தா ஊசிப் போகுது" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல மனசு மேடம் உங்களுக்கு என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வேனில் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏ காலேஜு, மாடு வேணாம்னு சொன்னதையாடி எங்களுக்குக் குடுக்குறாய்ங்க?"

வேனே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அது முடிந்துபோனது. உன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாட்டுக்காரர் தன் மாட்டுக்காக நிறுத்தினார். நம்மில் ஒருத்திகூட நமக்காக நிறுத்தவில்லை.

ஊழியர் வசதியைப் பார்க்க வருகிற ஆடிட்டருக்காக நான் நிரப்புகிற ஃபாரத்தில் அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. டேமேஜ் கொடுக்கிறோம் என்று எழுத முடியுமா? நான் யோசித்து எழுதினேன்: 'ஊழியர்களுக்குத் தினமும் இலவசச் சிற்றுண்டி வழங்கப்படுகிறது.' எவ்வளவு அழகான சொல்! அதன்பிறகு வருடா வருடம் அதையே எழுதினேன்.

நீ அதை ருசித்துத் தின்றாய். அதை நான் மறைக்கப் போவதில்லை. ருசிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுகிற பொருள் அது. ஒன்று தின்றால் கை தானாக இன்னொன்றுக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் உப்பைக் கூட்டு, புளிப்பைக் கூட்டு என்று எழுதி அனுப்புவதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. ஐந்து பெண்களைச் சோதனை அறையில் உட்கார வைத்து, எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று பார்ப்போம். பத்து நிமிடத்தில் பசியை அடைக்க அதைவிடத் தோதானது எது? கையைக்கூடக் கழுவ வேண்டாம். இரண்டு பாக்கெட், ஒரு டீ. சாயங்காலம் மிஞ்சியதைப் பையில் அமுக்கி மகளுக்கு. வீட்டுக்குப் போனால் சோற்றைப் பார்க்கவே உனக்குப் பிடிக்காது. வயிறு நிறைந்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் தின்னாத மாதிரியும் இருக்கும்.

முதலில் நெஞ்சு கரித்தது. அதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: கேஸ். மதுரையில் எது வந்தாலும் கேஸ். நெஞ்சு கரித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ், தூக்கம் வரவில்லை என்றால் அதுவும் கேஸ். ஒரு எலுமிச்சை சோடாவை உப்புப் போட்டு நுரை பொங்கக் குடித்து, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டால் தீர்ந்தது. நீ ஏப்பம் விடுவதும் ஊருக்கே கேட்கும். "கம்பெனிச் சங்குக்கு முந்தி என் சங்கு ஊதிருச்சு, எல்லாரும் கெளம்புங்கடி" என்பாய்.

அந்த ஒரு சொல்லால் எத்தனையை மூடி வைத்தோம்! உன் தலைமுடி சீப்போடு வந்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாய். தூக்கம் இல்லாமல் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, அதையும் வெறும் வயிற்றில். சின்ன விஷயத்துக்கெல்லாம் மகள் மேல் எரிந்து விழுந்தாய். பிறகு வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கே என்னையப் பிடிக்கல காலேஜு" என்றாய். ஹாலுக்கு ஏறுகிற பன்னிரண்டு படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாய். நகம் வெளுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏன் குறைகிறது, எங்கே போகிறது என்று நாம் யாரும் கேட்கவில்லை. முடி வேறு, தூக்கம் வேறு, கோபம் வேறு, மூச்சு வேறு, ரத்தம் வேறு என்று நினைத்தோம். எல்லாவற்றுக்கும் வேர் வயிறு என்கிற ஒரே குழியில் இருந்தது. அந்தக் குழியில்தான் தினமும் டேமேஜைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த நாள். நான் யாரிடமும் சொல்லாதது. வேன் ஏறுவதற்கு முன்னால், பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று என் காதோடு சொன்னாய்.

"ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"வெளிக்கிப் போனா கருப்பாப் போகுதுடி. ரிங் ரோட்டுல தார் ஊத்துறாய்ங்கள்ல, அப்பிடி."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறேல்ல? அதுக்கு அப்படித்தான் போகும். பயப்படாத" என்றேன்.

நீ நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாய். "அப்பாடி! படிச்சவ ஒருத்தி பக்கத்துல இருந்தா எம்புட்டு தைரியமா இருக்கு."

நான் சொன்னது பொய்யில்லை. இரும்பு மாத்திரைக்கும் அப்படிப் போகும். அரைகுறையாகத் தெரிந்த உண்மை என்பதால்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். தெரியாதவளாக இருந்திருந்தால், வா டாக்டரிடம் கேட்போம் என்று சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து நீ பெல்ட்டிலேயே சரிந்தாய். வாயிலிருந்து வந்தது காப்பித் தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மூன்றாவது நாள் காலையில் நீ இல்லை. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்: "இரைப்பைல புண்ணும்மா. ரொம்ப நாளா கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. வெறும் வயித்துல வலி மாத்திரை போடுவாங்களா?"

நான் கம்பெனியைச் சொன்னேன், டேமேஜைச் சொன்னேன். "அதனாலயா டாக்டர்?"

"ஒரு பொருள் மேல மட்டும் பழியப் போட முடியாதும்மா. நேரத்துக்குச் சாப்பிடாதது, சாப்பிட்டதுல சத்தில்லாதது, மாத்திரை, எல்லாம் சேர்ந்துதான். மாத்திரைதான் பெரிய காரணமா இருக்கும். மலம் கருப்பாப் போச்சுன்னு யார்ட்டயாவது சொன்னாங்களா? அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

நான் தரையைப் பார்த்தேன். தெரியலை என்றேன். இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை அந்தப் பொய் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய். அதனால் இப்போது சொல்கிறேன்: ஆமாம் டாக்டர், சொன்னாள், என்னிடம்தான் சொன்னாள்.

துட்டி வீட்டில் உன் நாத்தனார் உட்கார்ந்து சொன்னார்: "நல்லாத்தான் இருந்தா. வாயத்தான் கட்டல. எந்நேரமும் கையில அந்தப் பாக்கெட்டு." மாலையோடு வந்திருந்த சூப்பர்வைசர் தலையை ஆட்டினார்: "ஆமாங்க. ஆசை ஆசையாத் திம்பாங்க." அந்த மனிதரின் மேசையில்தான் பாத்ரூம் சாவி இருந்தது. அவர் சொல்கிறார், நீ ஆசைப்பட்டாய் என்று! கூட்டத்தின் நடுவில் எழுந்து கத்தியிருக்க வேண்டும். நான் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லோர் மேலும் கோபம். என் போனுக்குத் தினமும் காலையில் சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்புகிறார். நன்றாக மென்று தின்னுங்கள், பசித்தபின் தின்னுங்கள், நேரத்துக்குத் தின்னுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மலத்தை அடக்காதீர்கள், வயிறு கெட்டால் உடம்பே கெடும். அவர் சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாருக்குச் சொல்கிறார்? நீ இருந்தபோது உன்னிடம் ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "மெண்டு திங்கச் சொல்றாருல்ல, அதுக்கு நேரத்த யாரு தாராகன்னு அவருட்டயே கேட்டுச் சொல்லு." வாயைக் கட்டு என்று சொல்ல ஆயிரம் பேர். கொட்டகைக்கு ஒரு காற்றாடி போடு, சாவியைக் கதவில் தொங்கவிடு என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

உன் மகள் இப்போது உன் இடத்தில் நிற்கிறாள். பெல்ட்டில் அதே மூன்றாவது இடம். எனக்குத் தெரிந்தபோது சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வேண்டாம் என்றேன். "வேற எங்க சித்தி போறது? வீட்டு வாசல்ல வேன் வருது" என்றாள். சிரிக்கும்போது அப்படியே நீ.

போன மாதம் திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல சித்தி. கரிக்குது. கேஸ்தான்."

"மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"ரெண்டு டேமேஜு."

"வெளிக்கிப் போனா கருப்பாப் போகுதாடி?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"ஐயோ சித்தி! பைய. டிரைவர் அண்ணே இருக்காரு."

"இருந்துட்டுப் போறாரு. கருப்பாப் போகுதா, இல்லையா?"

"இல்ல சித்தி, இல்ல. விடுங்க."

முன்னால் டிரைவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். வேனில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டேலா நகர் தாண்டியிருப்போம். கடைசி சீட்டிலிருந்து, மசாலாத் தொட்டியில் நிற்கிற அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"மேடம்... எனக்குப் போகுது."

திரும்பினேன். "எம்புட்டு நாளாக்கா?"

"பொங்கலுக்கு முந்தியே."

"ஏன்க்கா சொல்லல?"

"யார்ட்டச் சொல்ல? நீங்க கேட்டதே இன்னைக்குத்தான?"

மறுநாள் லீவு போட்டு அந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உன் மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு உன்னுடைய அதே புண். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள், மருந்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. உன் மகளுக்குப் புண் இன்னும் விழவில்லை. இப்படியே தின்றுகொண்டிருந்தால் விழும் என்றார்கள். ரத்தம் இப்போதே குறைவு. பத்தொன்பது வயது.

அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்துச் சோறு கொண்டுபோகிறேன். என் அறையில் வைத்துத் தின்னச் சொல்கிறேன். பாத்ரூம் சாவியையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. "அவளுக்கு மட்டும் ஏசிச் சோறான்னு பேசுறாங்க சித்தி" என்றாள். சரிதான். உன் மகள் ஒருத்தியை மட்டும் அந்த பெல்ட்டிலிருந்து பிரித்துக் காப்பாற்ற முடியாது. எனக்கு அது புரிய அவள் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று, பூட்டை அறுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், மேனேஜர் ஃபாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. உன் காரியத்துக்கு வந்து கண் கலங்கி நின்றவர்தான்.

"மேடம், போன தடவை மாதிரியே போட்ருங்க. நல்ல வார்த்தையாத் தேடி எழுத உங்கள விட்டா நமக்கு ஆளில்ல. அந்தச் சிற்றுண்டி மேட்டரு போன தடவை வந்தவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

கையில் உன் பாக்ஸ் இருந்தது. சரி சார் என்றேன். பழக்கம்.

ஃபாரம் இப்போது எனக்கு முன்னால் இருக்கிறது. வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிறார். நான் கம்பெனி வேலை பார்க்கிறேன் என்று நினைத்து டீவியைச் சத்தம் குறைத்து வைத்திருக்கிறார். நான் ஆறு வருடம் பார்த்த வேலை போய்விடலாம். நாற்பத்தாறு வயதில் இன்னொரு சோதனை அறை எனக்காகக் காத்திருக்காது. வருகிற ஆடிட்டர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, நம் கம்பெனி பாக்கெட்டையே இரண்டு வாங்கிக்கொண்டு போகவும் கூடும். எல்லாம் யோசித்துவிட்டேன்.

ஊழியர்களுக்கு உணவு வழங்கப்படுகிறதா என்ற இடத்தில் இப்படி எழுதப் போகிறேன்: 'இல்லை. விற்க முடியாத சரக்கு கொடுக்கப்படுகிறது. இதற்கு முன் மாட்டுக்குக் கொடுத்து, அதற்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியது.' இடைவேளை எவ்வளவு என்ற இடத்தில் நேற்று நானே கோட்டு மாட்டி, கழற்றி, வரிசையில் நின்று கடிகாரம் பார்த்து எடுத்த கணக்கு: உட்கார்ந்து சோறு தின்ன ஒன்பது நிமிடம். பாத்ரூம் என்ற இடத்தில் சாவி யார் மேசையில் என்று. கீழே என் கையெழுத்து. மேனேஜர் கையில் கொடுக்க மாட்டேன். புதன்கிழமை வருகிறவர் கையிலேயே நேராகக் கொடுப்பேன். கேள்வி கேட்டால் வாயால் மட்டும் பதில் சொல்லப் போவதில்லை.

மாத்திரை அட்டைகளைத் துடைத்து, நீ வைத்திருந்த வரிசையிலேயே மறுபடி உள்ளே வைத்து, ஓமத் தண்ணீர்ப் பாட்டிலையும் நிமிர்த்தி வைத்து, மூடிவிட்டேன். அந்த ரப்பர் வளையத்தை இனித் தேய்க்க மாட்டேன். வாசம் அப்படியே இருக்கட்டும். புதன்கிழமை என் பையில் என் சோற்றுக்குப் பக்கத்தில் உன் பாக்ஸ் வரும். அவர் மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, இதுதான் நாங்கள் வழங்குகிற சிற்றுண்டி என்று அவர் பக்கமாகத் தள்ளிவிடுவேன்.